மீன் நல்லா இருக்குதுங்களா?

சன்னலைச் சாத்திப்போடுங்க தம்பி. பாலம் வருது. ஊருக்குப் புதுசுங்களா? அதான் தொறந்து வெச்சிட்டு ஒக்காந்திருக்கறீங்க. பாருங்க, பஸ்ஸே மூக்கைப் பொத்துது. கண்டக்டரைப் பாருங்க, டிக்கெட்டை வாயில கவ்விக்கிட்டு ரெண்டு கையிலயும் பொத்தறாரு. சாத்துங்க, சாத்துங்க.

ஆ, வந்துருச்சில்ல? இதாங்க ஆறு. சாக்கடைன்னா அது மனுசன் கழிச்சது, அந்த நாத்தம் மூக்கோட போயிரும். இது அப்பிடியில்லை. தொண்டையில போயி ஒக்காந்துக்கும். எச்சில் முழுங்குனா உப்புக் கரிக்கும். அந்த நுரை பாத்தீங்களா? போன வாரம் காத்துக்குப் பறந்து ரோட்டு மேலயே வந்துருச்சு. ஒரு பொம்பளை, இடுப்புல இருக்கற கொழந்தைகிட்ட, பாரு சாமி பஞ்சு முட்டாயின்னு காட்டறா. எனக்கு வந்த ஆத்தரம்! சீ, அதைப் போயி திங்கற பண்டத்தோட சேத்துச் சொல்லுவாங்களா?

சாயத் தண்ணிங்க. பனியன் துணிக்குச் சாயம் போட்டுட்டு விடற தண்ணி. அதைச் சுத்தம் பண்ணி விடறதுக்குன்னு பாலம் தாண்டி அக்கட்ட ஒரு நெலையம் இருக்குது, பிளாண்ட்டுன்னு சொல்லுவோம். நாப்பது சாயப்பட்டறைத் தண்ணி பைப்புல அங்க வருது. எனக்கு அங்கதான் வேலை. சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. மீன்காரருன்னு கேளுங்க, வாச்மேன் வரைக்கும் கை காட்டுவாங்க.

சாயத் தண்ணிக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்னுதானே பாக்கறீங்க. சொல்றனுங்க. இதை நான் முழுசா ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லை. நீங்க முன்னப்பின்ன தெரியாதவரு, எறங்கிப் போயிருவீங்க. உங்ககிட்டச் சொன்னா என்ன.

நான் முதல்ல விவசாயிங்க. ஆத்தோரம் ரெண்டரை ஏக்கர், நாப்பத்தஞ்சு தென்னை, ஒரு கெணறு. ஒரு ஆவணி மாசம் தென்னங்கொலை இறக்கி, ஒரு எளனியை வெட்டி வாயில வெச்சேன். கடல் தண்ணியாட்டம் கரிச்சுது. துப்பிட்டு இன்னொன்னு வெட்டுனேன். அதும் அப்பிடித்தான். அப்புறம் சோறு வடிச்சா மஞ்சக் கலரு. மத்தியானத்துக்குள்ள நூல் விட்டுப் போயிரும். பாலைக் காச்சுனா திரிஞ்சு போயிரும். மாடு ரெண்டு வாட்டி செத்த கன்னு போட்டுது. ரெண்டாவது கன்னுக்கு மேல ரோமமே இல்லைங்க. தோலு மட்டும், செவச்செவன்னு. அதை நாந்தான் சாக்குல சுத்திக் குழி தோண்டிப் பொதைச்சேன். கை கழுவக் கெணத்துக்குப் போனா, அங்க அந்தத் தண்ணி. கழுவாம அப்பிடியே நின்னேன்.

பன்னண்டு வருசம் அப்பிடி ஓட்டுனேன். நான் தொட்ட ஒன்னு கூட உருப்படலை. கடேசியில காட்டைத் தரிசாப் போட்டுட்டு, எந்தத் தண்ணி என் காட்டைக் கெடுத்துச்சோ அந்தத் தண்ணிகிட்டயே தோட்ட வேலைக்குச் சேந்தேன். பிளாண்ட்டு வாசல்ல புல்லு வெக்கறது, குரோட்டன்ஸ் வெட்டறது. நீங்க கேவலமா நெனைக்காதீங்க. வயிறுன்னு ஒன்னு இருக்குதில்ல?

ஹரிகோவிந்த்னு ஒரு இஞ்சினியர். சின்ன வயசு, மரியாதையானவரு, என்னை வாங்க போங்கன்னுதான் பேசுவாரு. அவரு ஒரு நாள் கேட்டுக்குப் பக்கத்துல நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்னு கட்டுனாரு. சுத்தம் பண்ணுன தண்ணி ஒரு குழாய்ல நேரா அந்தத் தொட்டிக்கு வர்றாப்ல பண்ணுனாரு. மேல போர்டு: ‘சுத்திகரிக்கப்பட்ட நீரில் மீன்கள் மகிழ்ச்சியாக வாழ்கின்றன.’ போர்டு முதல்ல வந்துருச்சுங்க. மீனு அடுத்த நாள்தான் வந்துது.

ஜிலேபிக் கெண்டை இருவது. ஒரம்பான மீனு, சேத்துலயும் பொழைக்கும்பாங்க. காலையில வந்து பாத்தா எல்லாம் வயித்தைக் காட்டிட்டு மெதக்குது. கண்ணு பால் விழுந்தாப்ல வெள்ளையா. செவுள்ல கோழையாட்டம் தொங்குது. நாந்தான் அள்ளுனேன். கையில ஒட்டுன அந்த வழவழப்பு மூணு நாள் சோப்புக்குப் போகலை. அடுத்து கடையில இருந்து தங்கமீனு. அது ரெண்டு நாள். அதுக்கடுத்து கறுப்பு மீனு சின்னது. அது ஒரு நாள்.

இஞ்சினியர் என்கிட்ட ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு. “இது உங்க பொறுப்புங்க. மீன் உசுரோட இருக்கோணும்.”

எப்பிடின்னு சொல்லலை. நானும் கேக்கலை.

ஒரு நாள் விடியக்காலம் ஆருமில்லாதப்ப அந்தக் குழாயை உள்பக்கமாத் துணி வெச்சு அடைச்சேன். தொட்டியைக் காலி பண்ணி, உப்புப் போட்டுத் தேச்சுக் கழுவி, ஆபீசுல குடிக்கறதுக்கு வர்ற கேன் தண்ணி இருக்குதில்ல, அதை ஊத்துனேன். ஒரேயடியா எடுத்தாத் தெரிஞ்சு போயிரும்னு நாளுக்கு ரெண்டு கேனு. வெயில்ல ஒரு நாள் வெச்சு, துளி கல்லுப்புப் போட்டு, அப்புறம் ஊத்தறது. ஆரும் சொல்லித் தரலைங்க. என் புத்தியில வந்ததுதான்.

நம்ப மாட்டீங்க, பொழைச்சுதுங்க! மறுபடியும் வாங்கி விட்ட முப்பத்தி ரெண்டு மீனும். பொரி தூவுனா மேல வந்து வாயைத் தொறக்கும். வெரலை வெச்சா வெரலுக்கு முத்தம் குடுக்கும். பங்குனியில குஞ்சு போட்டுது. பன்னண்டு வருசத்துக்கப்புறம் என் கையில ஒன்னு பொழைச்சுப் பெருகறதைப் பாத்தேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, நெசமாத்தான் சொல்றேன்.

இஞ்சினியருக்குத் தெரியுமான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. மாசத்துக்கு அறுவது கேனு கூட ஆகுதேன்னு அவரு ஒரு நாளும் கேக்கலை. போறப்ப வர்றப்ப, “மீன் நல்லா இருக்குதுங்களா?” “நல்லா இருக்குதுங்க சார்.” அவ்வளவுதான்.

பள்ளிக்கொடத்துப் புள்ளைக வந்தாங்க. காலேஜுக்காரங்க வந்தாங்க. பேப்பர்ல போட்டோ வந்துது, தொட்டி பக்கத்துல நான் நிக்கறாப்ல. வெளிநாட்டுல இருந்து துணி வாங்கறவங்க நாலு பேரு வந்தாங்க. ஒரு வெள்ளைக்காரம்மா என் கையைப் புடிச்சுக் குலுக்குனா. குலுக்கிட்டுப் பையில இருந்து ஏதோ தைலத்தை எடுத்துக் கையில தேச்சுக்கிட்டா. அது கெடக்குது விடுங்க.

என் தொரட்டு எங்க ஆரம்பிச்சுதுன்னா, என் தங்கச்சிகிட்டதான்.

பாவாயின்னு பேரு. பிளாண்ட்டுக்குக் கெழக்க மூணு கிலோமீட்டர், ஓலப்புதூர்ல கட்டிக் குடுத்தது. ஆத்தோரமே அவளுக்கும் காடு. எங்களுக்கு மொதல்ல கெட்டுது, அவளுக்குப் பின்னாடி கெட்டுது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா நான் ஒதுங்கிட்டேன், அவ ஒதுங்கலை. திங்கக்கெழமையானா கலெக்டர் ஆபீசு. ஒரு பாட்டில்ல கெணத்துத் தண்ணி, ஒரு மனு. பாட்டிலை வெளிய வெச்சுட்டு உள்ள வாங்கம்பாங்க, உள்ள ஏசி ரூமாம், நாறுமாம். இப்பிடி மூணு வருசம். இருந்தாப்ல இருந்து ஒரு கமிட்டி போட்டாங்க, நேர்ல வந்து பாக்கறதுக்கு.

கமிட்டி வர்றதுக்கு முந்தின வாரம் ஊட்டுக்கு வந்தா. “அண்ணா, நீங்க அங்க வேலை பாக்கறவரு. உள்ள என்ன நடக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” அப்பிடின்னா.

“எனக்கு என்ன அம்மிணி தெரியும், நான் மீனுக்குப் பொரி போடறவன்” அப்பிடின்னேன்.

“மீனு எப்பிடிங்கண்ணா பொழைக்குது அந்தத் தண்ணியில?”

“பாத்துக்கற விதத்துல இருக்குது” அப்பிடின்னேன். பொய்யா அது? நீங்களே சொல்லுங்க.

கமிட்டி வந்துது. ஆடி மாசம், நல்ல காத்து. மூணு அதிகாரிக, அவங்களுக்குப் பெரிய அதிகாரியா ஒரு அம்மா. கார்ல இருந்து எறங்கறப்பவே கர்ச்சீப் மூக்குல. பெரிய தொட்டிகளைத் தூரத்துல நின்னு பாத்தாங்க, அங்க சேறு கொழம்பாட்டம் கொப்புளம் விட்டுக்கிட்டு இருந்துது. ரூமுக்குள்ள போயி முந்திரிப் பருப்பும் பிஸ்கெட்டும் தின்னாங்க. அந்த நாத்தத்துக்கு நடுவுல மனுசனுக்குத் தொண்டையில எறங்குமா? எறங்குச்சுங்க. சத்தம் போட்டு மென்னாங்க. குடிக்கறதுக்கு மட்டும் அவங்களே கொண்டாந்த பாட்டிலு.

அப்புறம் மீன் தொட்டிக்கு வந்தாங்க. அந்தம்மா குனிஞ்சு பாத்துச்சு. கர்ச்சீப்பை எறக்கிச்சு. “எவ்வளவு அழகா இருக்குது! இது உங்க தண்ணிதானுங்களா?”

“ஆமாங்க மேடம். நேரா அந்தக் குழாய்தான்” அப்பிடின்னாரு இஞ்சினியர்.

என்னைப் பாத்துக் கேட்டுச்சு, “எத்தனை நாளா உயிரோட இருக்குது?”

“பதினோரு மாசமாச்சுங்கம்மா.”

எழுதிக்கிட்டாங்க. நான் சொன்னதுல பொய் இல்லைங்க. பதினோரு மாசம் இருந்தது நெசந்தானே? தண்ணியைப் பத்தி என்கிட்ட ஒருத்தரும் கேக்கலை.

மனு குடுத்தவங்கள்ல பத்துப் பேரை உள்ள விட்டிருந்தாங்க. பாவாயி இடுப்புல பச்சைக் கலர் பிளாஸ்டிக் கொடம். குடிக்கறதுக்குக் கொண்டாந்திருக்கறாங்கன்னு வாச்மேன் விட்டுட்டான். அவ நேரா அந்தம்மாகிட்ட வந்தா.

“மேடம், இது ஓலப்புதூர், எங்க கெணத்துத் தண்ணி. இங்கிருந்து நல்ல தண்ணிதான் ஆத்துல விடறம்னு சொல்றாங்க. அப்பிடின்னா எங்க கெணத்துத் தண்ணியிலயும் இந்த மீனு இருக்கோணும்ங்களே. இருக்குதான்னு பாத்துப் போடலாங்களா?”

சொல்லி வாயை மூடறதுக்குள்ள கொடத்தைத் தூக்கித் தொட்டிக்குள்ள சாச்சுப்போட்டா. நான் ஓடிப் போயி கொடத்தைப் புடிச்சேன். அதுக்குள்ள முக்காக் கொடம் போயிருச்சு. தொட்டித் தண்ணி டீத்தண்ணியாட்டம் ஆச்சு. மேல எண்ணெய் படர்றாப்ல ஒரு ஏடு. முதல்ல மீனுக எல்லாம் ஒசக்க வந்து வாயைத் தொறந்துது. நான் பொரி போடறேன்னு நெனைச்சுதோ என்னமோ. அப்புறம் சுத்த ஆரம்பிச்சுது. கண்ணாடியில போயி முட்டுது. ஒன்னொன்னாச் சாஞ்சு, ஒரு பக்கமா நீந்துது. நான் ரெண்டு கையையும் உட்டு அள்ளுனேன். எங்க உடறது? தரையிலதான் உடோணும். கா மணி நேரம் கூட ஆகலைங்க. முப்பத்தி ரெண்டும், குஞ்சும்.

எனக்கு அந்த நேரத்துல அவ தங்கச்சியாவே தெரியலை. எப்பிடி மனசு வந்துது? வாயில்லாத சீவன்! ஆத்துல விடறவன் எவனோ, சாகறது என் மீனா? இன்னைக்கும் அதை நெனைச்சா எனக்கு அவ மேல அருவருப்பாத்தான் வருது.

அந்தம்மா தொட்டியையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. இஞ்சினியர்தான் சத்தம் போட்டாரு. “மேடம், பூச்சி மருந்தைக் கலந்து கொண்டாந்திருக்கறாங்க! பிளான் பண்ணிப் பண்ணியிருக்கறாங்க! போலீசைக் கூப்பிடுங்க!”

போலீசு கேட்டுலயே நின்னுது. எஸ்ஐ வந்து கொடத்தை எடுத்து என் கையில குடுத்தாரு. “பக்கத்துல இருந்தது நீங்கதான். மோந்து பாத்துச் சொல்லுங்க. மருந்து வாசம் அடிக்குதா?”

அடியில கா கொடம் தண்ணி இருந்துது. மூக்கை வெச்சேன்.

தம்பி, இதை நான் என் சம்சாரத்துகிட்டக் கூடச் சொல்லலை. மருந்து வாசம் எனக்குத் தெரியாதா? முப்பது வருசம் மருந்து அடிச்சவன் நான். அது மருந்து இல்லைங்க. துருப்புடிச்ச தகரமும் உப்பும் அழுகின முட்டையும் சேந்தாப்ல ஒரு நாத்தம். என் கெணத்து நாத்தம். அந்தக் கன்னுக்குட்டியைப் பொதைச்சுட்டுக் கை கழுவாம நின்னனே, அன்னைக்கு அடிச்ச அதே நாத்தம்.

நிமுந்து பாத்தேன். இஞ்சினியர் என்னைப் பாக்கறாரு. அந்தம்மா பாக்குது. பாவாயி பாக்கறா. அவ மொகத்துல பயமே இல்லைங்க. அண்ணன் மோந்து பாத்தாச்சு, இனி என்னன்னு நிம்மதியா நிக்கறா.

மருந்து இல்லைன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? அப்ப தொட்டியில இருந்தது என்ன தண்ணி, அதுல மட்டும் மீனு எப்பிடி இருந்துதுன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? குழாயைத் தொறந்து பாத்தா உள்ள என் பழைய வேட்டித் துணி.

“அடிக்குதுங்க சார்” அப்பிடின்னேன்.

அவ அழுகலை. கத்தலை. காறித் துப்புனா. என் மேல இல்லைங்க, என் காலுக்குப் பக்கத்துல. அம்புட்டுப் பேருக்கு முன்னால.

கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. அவளைக் கோயமுத்தூர் ஜெயில்ல பதினோரு நாள் வெச்சாங்க. கொடத்துத் தண்ணியை டெஸ்ட்டுக்கு அனுப்பறம்னு எடுத்துட்டுப் போனவங்க, ஜீப்புல வழியில கவுந்துபோச்சுன்னு எழுதிட்டாங்களாம். பாருங்க, ஒரு கொடத்தைக் கூட நேரா வெச்சுக் கொண்டு போகத் தெரியலை. கமிட்டி ரிப்போர்ட்டுல, மீனு பதினோரு மாசம் நல்லாத்தான் இருந்துது, வேண்டாதவங்க மருந்து கலந்து கொன்னுட்டாங்கன்னு வந்துது. அவ மனுவைத் தள்ளிட்டாங்க. பிளாண்ட்டுல புதுத் தொட்டி கட்டி, மேல கண்ணாடி மூடி போட்டு, பூட்டுப் போட்டாங்க. சாவி என்கிட்ட. என்னைப் பர்மனன்ட்டும் பண்ணிட்டாங்க.

ஒறம்பரையில, சொந்தபந்தத்துல, ஒருத்தரும் என்னோட பேசறதில்லைங்க. நோம்பிக்குக் கூப்பிடறதில்லை. எளவுக்குப் போனாக்கூடத் தள்ளி ஒக்காருவாங்க. நான் என்னமோ நாத்தம் புடிச்சவனாட்டம். நான் எவனுக்குத் தண்ணியைக் கெடுத்தேன்? நல்ல தண்ணியை ஊத்தி மீனு வளத்தவன் நான். தெனமும் மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாலம் தாண்டற இவனுகளுக்கு எம் மேல என்ன அசிங்கம்?

மூணு வருசம் ஓடிப்போச்சு. இந்தத் தை மாசம் பாவாயி மகளுக்குக் கல்யாணம். சுவாதிகான்னு பேரு, ஒரே புள்ளை. எங்க பக்கம் தாய்மாமன்தான் பொண்ணு நெத்தியில பட்டம் கட்டோணும். வேற ஆரும் கட்டக் கூடாது. பத்திரிக்கை வரலை. வராட்டிப் போகட்டும், மாமன் மொறைக்குப் பத்திரிக்கை எதுக்குன்னு பொடவை, வேட்டி, தேங்கா பழம் எல்லாம் தாம்பாளத்துல வெச்சுத் தூக்கிட்டுப் போனேன். எம் பொண்டாட்டி வரமாட்டேன்னுட்டா. தனியாத்தான் போனேன்.

ஊட்டு வாசல்லயே பந்தல். நான் நொழைஞ்சதும் மேளக்காரர் கூட என்னைப் பாத்துட்டு நிறுத்திட்டாரு. ஒரு எரநூறு பேரு இருக்கும்.

பாவாயி எந்திரிச்சு வந்தா. எளைச்சுப் போயிருந்தா.

“வாங்கண்ணா” அப்பிடின்னா. மூணு வருசங் கழிச்சு.

“இருங்க, தண்ணி கொண்டாறேன்” அப்பிடின்னு உள்ள போனா. எங்க பக்கம் ஆரு ஊட்டுக்கு வந்தாலும் மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடுக்கறது வழக்கம், உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பந்தல் மூலையில கேன் தண்ணி அடுக்கி வெச்சிருந்துது. அதுல புடிக்கலை அவ. பின்னால கெணத்து மோட்டாரைப் போடற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

பித்தளைச் சொம்பு, தளதளன்னு. ரெண்டு கையாலயும் மரியாதையாக் குடுத்தா.

“குடிங்கண்ணா. குடிச்சுட்டு வந்து பட்டம் கட்டுங்க. உங்களை உட்டா அவளுக்கு வேற மாமன் ஏது.”

உள்ள பாத்தேன். மஞ்சளும் இல்லாம செவப்பும் இல்லாம ஒரு கலரு. மேல அந்த ஏடு வட்டமா மின்னுது. மணவறையில இருந்து அந்தப் புள்ளை என்னையே பாக்குது. ஒரு மொடக்குதான, கண்ணை மூடிட்டுக் குடிச்சுப்போடலாம்னுதான் நெனைச்சேன். சத்தியமா. வாய்கிட்டக் கொண்டு போனேன். ஒதட்டுல பட்டுச்சு. கொழகொழன்னு. சொம்பைக் கீழ வெச்சுப்போட்டேன்.

அவ குனிஞ்சு, என் காதுகிட்ட வந்து கேட்டா. “மருந்து வாசம் அடிக்குதுங்களா அண்ணா?”

“இல்லை அம்மிணி” அப்பிடின்னேன்.

“சத்தமாச் சொல்லுங்க.”

என் பின்னாடி எரநூறு பேரு. அதுல நாலு பேரு பட்டறைக்காரங்க. ஒருத்தரு எங்க பிளாண்ட்டு சூப்பர்வைசர். என் வாய் தொறக்கலைங்க.

அவ அப்புறம் தாம்பாளத்தை எடுத்து என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டு, எங்களுக்குப் பங்காளி மொறையில தூரத்துச் சொந்தம் ஒருத்தரு, அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டா. அவரு பட்டம் கட்டுனாரு. நான் வெளிய வேலியோரம் நின்னு அந்த மேளச் சத்தம் முடியற வரைக்கும் கேட்டுட்டு வந்தேன்.

நீங்களே சொல்லுங்க தம்பி. கூடப் பொறந்தவனுக்குக் குடுக்கற தண்ணியா அது? சீ! ஒரு மனுசன் வாயில வெக்கறாப்லயா இருக்குது?

பாவாயி மேல போட்ட மருந்துக் கேசு இன்னும் நடக்குதுங்க. மோந்து பாத்த சாச்சி நான் ஒருத்தன்தான். வர்ற பதினாலாந் தேதி வரச் சொல்லி சம்மன் வந்திருக்குது. இஞ்சினியர் அவரு கார்லயே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. கூண்டுல நிக்க வெச்சு மருந்து வாசம் அடிச்சுதான்னு கேப்பாங்களாம். ஆமா, இல்லை, ஏதோ ஒன்னு ஜட்ஜு காதுல உழுகறாப்ல சத்தமாச் சொல்லோணுமாம்.

என்ன சொல்லப் போறீங்கன்னு கேக்காதீங்க. பாவாயியும் அன்னைக்கு அங்க நிப்பா, எனக்கு நேர் எதுத்தாப்ல.

கொஞ்சம் வழி விடுங்க தம்பி. பிளாண்ட்டு ஸ்டாப்பு வந்துருச்சு. நான் எறங்குனதும் அந்தச் சன்னலைத் தொறந்துக்குங்க, இதுக்கு மேல ஆறு ரோட்டை உட்டு விலகிப் போயிரும், நாறாது.